கண்டவர் பெயர்

மென்பொருள் சோதனையில் பெரும்பகுதியை இப்போது கணினியே செய்துகொள்கிறது. நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படி ஆகிவிட்டது என்று இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். காலையில் வந்து உட்கார்ந்தால் எது சரி, எது தவறு என்று பச்சையும் சிவப்புமாகத் திரையில் நிற்கிறதாம். சந்தோஷம்தான். என் காலத்தில் அது இருந்திருந்தால் என் கழுத்துவலி பாதியாவது குறைந்திருக்கும்.

"முன்னால எல்லாம் ஆளுங்கள வெச்சு எப்படி மேடம் டெஸ்ட் பண்ணுனீங்க? அதுவும் சம்பளம் இல்லாம வந்தவங்கள வெச்சு? ஒரு கட்டுரை மாதிரி எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். முறையை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்கு நினைவு வருவதெல்லாம் ஆட்களாக இருக்கிறது. ஆட்களையே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். அப்பா கணக்கு வாத்தியார். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிச் சொல்வதுதான் வேலை என்று அப்பாவிடம் விளக்கினேன். "குத்தம் கண்டுபிடிக்கதுக்குச் சம்பளமா? உங்க அத்தைமார் இத்தன வருசம் சும்மால்லா செஞ்சிட்டு இருக்காக" என்றார். பல வருடம் அந்த வேலையில் இருந்தேன். நிறையக் கற்றுக்கொண்டேன். புதிய மென்பொருள் வெளியாகும் நாளில் கேக் வெட்டுவார்கள். எழுதியவர்கள் முன்னால் நிற்பார்கள், சோதித்தவர்கள் தட்டு எடுத்துக் கொடுப்போம். அது தவறு என்று அப்போது எனக்குத் தோன்றியதேயில்லை.

என் கணவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை வந்தபோது நானும் வந்துவிட்டேன். அங்கே ஒரு சின்ன அறக்கட்டளை, ஓப்பன் சோர்ஸ் முறையில் மென்பொருள் செய்துகொண்டிருந்தது. அதாவது, அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம். எங்கெங்கோ இருக்கும் நிரலாளர்கள் ஓய்வு நேரத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அதே போல ஊர் மக்களில் விருப்பப்பட்டவர்கள் சோதித்துச் சொல்வார்கள். அந்தச் சோதனையாளர்களை ஒருங்கிணைப்பது என் வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சங்கரலிங்கம் சார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். ஆற்றுப் பாசனத்தில் நெல் வயல் உண்டு. கப்பல் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டு வெளிநாட்டில் இருந்தவர், அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். அறுப்புக் காலத்தில் அலுவலகத்துக்கு வரமாட்டார். போன் செய்தால் அறுப்பு எந்திரத்தின் சத்தம்தான் முதலில் கேட்கும், பிறகு அவர் குரல்.

சாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஒரு பிழையைத் தெரிவித்து எழுதினால் அதை நின்றுகொண்டு உரக்க வாசிப்பார். வேகமாக வாசிக்கமாட்டார். ஏதாவது ஒரு வாக்கியத்தில் நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது பாத்ததா, நினைச்சதா?" என்று கேட்பார். "பட்டனை அழுத்தினேன், திரை வெள்ளையாகிவிட்டது" என்பது பார்த்தது. "மெமரி போதவில்லை போலிருக்கிறது" என்பது நினைத்தது. இரண்டையும் பிரித்து எழுதவேண்டும். எதிர்பார்த்தது என்ன, பார்த்தது என்ன, எந்தப் போன், சார்ஜ் எவ்வளவு இருந்தது, அதே மாதிரி மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா. நினைத்ததை வேண்டுமானால் கடைசியில் தனியாக எழுதிக்கொள்ளலாம். பார்த்தது என்று எழுதப்பட்ட எதையும் சார் தள்ளுபடி செய்ய விடமாட்டார். நிரலாளர்கள், "என் போனில் அப்படி வரவில்லையே" என்று பதில் போடுவார்கள். சார், "அவங்க போன்ல வந்திருக்கே" என்று பதில் போடுவார். அத்தோடு அந்தப் பிழை, முடிந்தது என்று மூடப்படாமல் பதிவில் இருக்கும்.

நான் சேர்வதற்கு முன்பு அவர்கள் கடைகளுக்கான ஒரு தமிழ் மென்பொருள் செய்திருந்தார்கள். உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த ராஜாத்தி என்பவர் அதற்குச் சோதனையாளராக இருந்திருக்கிறார். நான் வந்தபோது அவர் வருவதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. பழைய தகவல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவர் கடைசியாக எழுதியது கண்ணில் பட்டது. 'கொட்டைப்பாக்கு' என்று தேடினால் இல்லை என்று சொல்கிறது, ஆனால் சரக்கு வரிசையில் அதே 'கொட்டைப்பாக்கு' இருக்கிறது என்று எழுதியிருந்தார். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக அடிக்க முடியும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு. நல்ல பிழை அது. அறுப்பு நேரத்தில் வந்ததால் சார் கண்ணில் படாமல், இன்னொருவர் "ஏற்கெனவே தெரிந்தது" என்று ஒரு வரி போட்டு மூடியிருந்தார்.

நான் ராஜாத்தியைப் போனில் கூப்பிட்டேன். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கோவம்லாம் இல்லக்கா" என்றார். "கதவத் தட்டுனேன். யாரும் வரல. வீட்ல ஆள் இல்ல போலன்னு வந்துட்டேன்."

அன்றிலிருந்து, எழுதுகிற ஒவ்வொருவருக்கும் நானே பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். சொன்னது கிடைத்தது, யாரிடம் இருக்கிறது, என்ன ஆயிற்று. ராஜாத்தியும் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகுதான் மீனவர்களுக்கான செயலியைத் தொடங்கினோம். 'கரைத்துணை' என்று பெயர். கடலுக்குப் போகிறவர் போனில் கடல் வரைபடமும் அவர் நிற்கிற இடமும் தெரியும். கரையில் இருக்கும் வீட்டாருடைய போனிலும் படகு ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும். சிக்னல் கிடைக்கிற தூரம்வரை புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். இதைச் சோதிக்கக் கீழவைப்பாரிலிருந்து சேவியர் வந்தார். ஃபைபர் படகில் தூண்டில் போடப் போகிறவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் கொடுத்திருந்த எண்ணிலிருந்து வரும் தகவல்கள் மிகத் தெளிவாக இருந்தன. பார்த்ததும் நினைத்ததும் கலக்காமல் இருக்கும். சார் வாசிக்கும்போது நடுவில் நிறுத்தவே மாட்டார்.

ஒருநாள் அந்த எண்ணிலிருந்து வந்த தகவல் இதுதான்: "படகு கரையேறி மீனெல்லாம் இறக்கியாச்சு. கரைப் போனில் படகு இன்னும் கடலில் நிற்கிறது. எதிர்பார்த்தது கரை. பார்த்தது கடல்."

சார் அதை வாசித்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை வாசித்தார். இந்தப் பகுதியை எழுதியவர் புனேயில் இருந்த தீபக் என்ற இளைஞர். நல்ல பையன். அவர் தன்னிடமிருந்த போன்களில் முயன்று பார்த்துவிட்டு, வரவில்லையே என்று எழுதினார். சார் வழக்கம்போல அதை மூடவிடவில்லை. தீபக் மறுபடி தேடத் தொடங்கினார்.

அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சம்பவம் நடந்துவிட்டது.

சேவியரும் அவருடைய கூட்டாளி ஒருவரும் கடலுக்குப் போயிருந்தார்கள். வழக்கமாக வரும் நேரத்துக்கு வரவில்லை. சேவியரின் மனைவி மரிய செல்வம் கரையில் வந்து நின்றிருக்கிறார். அங்கிருந்தவர்கள் போனைப் பார்க்கச் சொன்னார்கள். புள்ளி, சேவியர் எப்போதும் தூண்டில் போடும் பாரில் அசையாமல் நிற்கிறது என்று அவர் பார்த்துச் சொன்னார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. மீன் கூடும் இடம். "நல்ல மீனு அடிச்சிருக்கும்ளா. பாருலதான நிக்கான், வந்திருவான்" என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள்.

மரியா சமாதானம் ஆகவில்லை. "அந்தப் புள்ளிய நம்பாதீக. போன வாரம் அவுக எம்பக்கத்துல நிக்காக, புள்ளி கடல்ல நிக்கி" என்று சொல்லி, கொழுந்தனாரைப் படகெடுக்க வைத்துவிட்டார். கொழுந்தனார் பாருக்குப் போனார். அங்கே யாருமில்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமாகத் தேடிக்கொண்டு போனபோது, தெற்கே வெகு தூரத்தில், கப்பல்கள் துறைமுகத்துக்கு வரும் வழிக்குக் கிட்டத்தில் படகு கிடந்தது. எந்திரம் நின்றுபோயிருந்தது. இருவரும் துடுப்பைப் போட்டுக் களைத்துப்போய், வேட்டியைக் கம்பில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்களாம்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. அதுவரை நான் எழுத்தில்தான் அறிந்திருந்த அந்த எண்ணில், முதல்முறையாக ஒரு பெண்குரல் பேசியது. நடந்ததைச் சொல்லிவிட்டு, "இதையும் எழுதிக்கிடுங்கக்கா. எதிர்பார்த்தது, படகு எங்க நிக்கின்னு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். பார்த்தது, அங்கதான் நிக்கின்னு சொல்லிச்சு" என்றது.

"நீங்க யாரும்மா பேசுறது?"

"மரியா. அவுக வீட்ல. நாந்தான எப்பமும் எழுதுவேன்."

நான் பதிவைத் திறந்து பார்த்தேன். கடலில் இருந்த போன் சேவியருடையது. கரையில் புள்ளியைப் பார்த்தது, சந்தேகப்பட்டது, எழுதியது எல்லாம் மரியா. எங்கள் பதிவில் இரண்டு பேருக்கும் சேர்த்து 'கீழவைப்பார் இரண்டு' என்று ஒரே அடையாளம் இருந்தது.

நடந்ததைத் தீபக்கிடம் சொன்னேன். சேவியர் வைத்திருந்த மாதிரிப் போனை எங்கோ பழையதாகத் தேடி வாங்கினார். காரணம் கிடைத்துவிட்டது. சார்ஜ் குறைந்து திரை அணைந்ததும் அந்தப் போன் செயலியைத் தூங்க வைத்துவிடும். கரைப் போனோ, கடைசியாக வந்த இடத்தையே இப்போதைய இடம்போலக் காட்டிக்கொண்டிருக்கும். தீபக் திருத்தி எழுதினார். புதிய தகவல் வராவிட்டால் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். 'கடைசியாகத் தெரிந்த இடம்' என்ற சொற்களும், எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்பதும் பக்கத்தில் வரும்.

சார் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "நம்ம செயலி நினைச்சதைப் பாத்ததுன்னு சொல்லிட்டு இருந்திருக்கு, ஐரின்" என்றார். 

திருத்திய பதிப்பை வெளியிடத் தூத்துக்குடியில் ஒரு கூட்டம் வைத்தோம். கீழவைப்பாரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். கூட்ட முடிவில் பங்களித்தவர்கள் பெயர்கள் பெரிய திரையில் ஓடின. நிரல் எழுதுகிறவர்கள் பெயரை யாரும் உட்கார்ந்து தொகுப்பதில்லை. யார் எந்த வரியை எழுதினார் என்பது, நிரலைச் சேர்த்துவைக்கும் சேமிப்பகத்தில் தானாகவே பதிவாகும். அதிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். தீபக் பெயர் வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் மரியாவும் கை தட்டினார். அவர் பெயர் அந்தத் திரையில் வரவில்லை, வர வழியும் இல்லை. வேன் ஏறும்போது என்னிடம், "அந்தத் தம்பி எந்த ஊர்க்கா? நல்லாயிருக்கட்டும்" என்றார். உண்மையாகவே சொன்னார். ஒரு மனக்குறையும் இல்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

மறுநாள் சாரிடம் போய், சோதனையாளர்கள் பெயருக்குச் செயலியில் ஒரு பக்கம் வேண்டும் என்றேன்.

சார் ஒத்துக்கொள்ளவில்லை. "இவங்கல்லாம் பிரியப்பட்டு வந்து செய்யுதாங்க. பேரு போட ஆரம்பிச்சா பேருக்காக வர ஆரம்பிச்சிருவாங்க. சின்னச் சின்னதா எதையாவது எழுதிட்டு எம்பேரு எங்கன்னு கேப்பாங்க. நல்லா இருக்க ஒண்ண நாமளே கெடுத்துருவோம்."

"புரோகிராம் எழுதுறவங்களும் பிரியப்பட்டுத்தான சார் வாராங்க. அவங்க பேரைப் போட்டுக் கெட்டுப்போச்சா?"

"அதை நாம போடலையே. அதுவா விழுது."

"அதுவா விழுறவங்களுக்கு விழுது. விழாதவங்களுக்கு நாமதான சார் போடணும்?"

சார் எழுந்துகொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அதே வாரம் தீபக்கிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "கூட்டத்தின் வீடியோ பார்த்தேன். பிழையை நான் கண்டுபிடித்ததுபோல இருக்கிறது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அதைச் சார் நின்றுகொண்டுதான் வாசித்தார். வாசித்து முடித்து, "சரி, செய்யுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டுச் செய்யுங்க" என்றார்.

கேட்டுக்கொண்டு போனேன். ராஜாத்தி, "எம்பேரு எதுக்குக்கா, கடைப் பேரைப் போடுங்களேன்" என்றார். அது விளம்பரமாகிவிடும் என்று சார் சொல்வார் என்றேன். "அதுக்குத்தான கேக்கேன்" என்று சிரித்தார். கடைசியில் சொந்தப் பெயருக்கே சம்மதித்தார்.

கீழவைப்பாருக்குப் போனபோது சேவியர் வீட்டு வாசலில் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மரியா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். பெயர் இருக்கும், அதைத் தொட்டால் அவர்கள் தெரிவித்த பிழைகள் எல்லாம் திறக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று என் போனில் மாதிரியைக் காட்டினேன். மரியா போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது.

"அக்கா, இது என்ன கோடு?"

பிழையோடு செயலி தானாக இணைத்து அனுப்பியிருந்த பயணப் பாதை அது. கீழவைப்பார்க் கரையிலிருந்து கிளம்பி, வளைந்து, கடலில் ஓரிடத்தில் போய் நின்றது.

மரியா போனைக் கணவரிடம் நீட்டினார். சேவியர் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், இது யாரெல்லாம் பாக்கலாம்?"

"எல்லாரும் பாக்கலாம்."

"எல்லாருங்கதுல எங்க தெரு ஆளுகளும் உண்டும்லா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோடு முடிகிற இடம் அவருடைய பார். கரையில் தெரியும் கோயில் உச்சியையும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் அடையாளமாக வைத்து, பல வருடம் அலைந்து அவர் கண்டுபிடித்துக்கொண்ட இடம். பார் ஒன்று இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். எங்கே என்று அவரும் கூட்டாளியும் வீட்டாரும் மட்டுமே அறிவார்கள். அன்று தேடப்போன தம்பியும்கூட, கடலில் இறங்கும்போதுதான் இடத்தை மரியாவிடம் கேட்டுக்கொண்டு போனாராம்.

சேவியர் சத்தம் போடவில்லை. "இதுநாள் வரைக்கும் இது யாரோ ஒருத்தன் பாரு. எம்பேரு போட்டா எம்பாரு" என்றார். "மரியாதை பண்ணணும்னுதான் வந்திருக்கீக, புரியுது. ஆனா நாளைக்கு அங்க நாப்பது படகு நிக்கும்."

பெயரே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று கேட்டேன். அதற்கு மரியா உடனே தலையாட்டவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சும்மா நின்றார். அவருக்கு அந்தப் பெயர் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சேவியருக்கும் தெரிந்தது.

"கோட்டை எடுத்துட்டுப் பேரைப் போட முடியாதா?" என்றார் சேவியர்.

சாரிடம் வந்து சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "தப்பு நம்மேலதான். ஆனா அந்தக் கோடுதான் ஆதாரம், ஐரின். நாளைக்கு யாராவது ஒரு நிரலாளர் வந்து இதை ஏன் இப்படி மாத்துனாங்கன்னு பாத்தா, பாத்ததுக்கு அத்தாட்சி இருக்கணும். இல்லன்னா தேவையில்லாத வேலைன்னு தூக்கிப் போட்டுருவாங்க. பழையபடி புள்ளி பொய் சொல்ல ஆரம்பிச்சிரும்." அவர் சொன்னதும் நியாயம்தான்.

அதை மரியாவிடம் அப்படியே போனில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா வேற எடத்துல மறுபடி செஞ்சு காட்டுவோம்க்கா. நண்டு வலை போடுத எடம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. பழைய செயலியப் போட்டுட்டு அங்கன போயிட்டு வரட்டும். அதே மாதிரி வந்தா அந்தக் கோட்ட வெச்சுக்கிடுங்க, இதை அழிச்சிருங்க" என்றார்.

சார் அதைக் கேட்டதும், "நானும் படகில வாரேன்" என்றார்.

ஒரு காலைப்பொழுதில் போனோம். சேவியரின் பழைய போனில் பழைய பதிப்பு, அதே மாதிரி இன்னொரு போனில் புதிய பதிப்பு, இரண்டிலும் சார்ஜ் குறைவு. சார் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படகில் ஏறினார். ஆற்றில் நீந்தி வளர்ந்தவர், கடலில் அதற்கு முன் போனதில்லையாம். நானும் மரியாவும் கரையில் இரண்டு போன்களோடு நின்றோம். இரண்டிலும் புள்ளிகள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டும் நின்றன. அங்கே போன்களைத் திரையணைத்து வைத்திருப்பார்கள்.

காத்திருந்த நேரத்தில் நான் மரியாவிடம் கேட்டேன், இவ்வளவு தெளிவாக எழுத எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று.

"எங்கயும் இல்லக்கா. ஒரு தடவ எழுதுனா நீங்க திருப்பி நாலு கேள்வி கேப்பீக. அடுத்த தடவ அந்த நாலையும் சேத்தே எழுதிட்டா கேக்க மாட்டீகல்லா?" பிறகு, "அன்னைக்கு எல்லாரும் பாருல நிக்கான், பாருல நிக்கான்னு சொன்னாக. நான் மட்டும் இல்லைன்னு சொல்லணும். எனக்கும் பயந்தான். நான் சொன்னது தப்பா இருந்தா சிரிப்பாக. சரியா இருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். கடலைப் பார்த்தபடி, "எழுதி வெச்சிருந்தோம்லா. அதான் உறுதியாச் சொன்னேன்" என்றார்.

ஒரு போனில் புள்ளி சாம்பல் நிறமானது. மற்றதில் புள்ளி நீலமாகவே, நம்பிக்கையோடு, கடலில் நின்றது. நாங்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தபோது படகின் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் சேவியர் கரையேற்றிக்கொண்டிருக்கிறார். சார் படகின் ஓரத்தைப் பிடித்தபடி, முகம் வெளுத்து, சட்டை நனைந்து இறங்கினார். போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்திருக்கிறார். மரியா தயாராக வைத்திருந்த எலுமிச்சைத் தண்ணீரைக் கொடுத்தார். சார் அதைக் குடிக்காமல், முதலில் போனை வாங்கிப் பார்த்தார். அவர் கரையில் நிற்கிறார். அவர் போய்வந்த படகு, திரையில், இன்னும் கடலில் நிற்கிறது.

"இது பாத்தது" என்றார் சார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய பாதைகள் எல்லாவற்றையும் சாரே இருந்து அழித்தார். சேவியருடையதை மட்டும் அல்ல, எல்லாருடையதையும். அதன்பிறகு செயலி கேட்காமல் பாதையை அனுப்பாதபடி தீபக் மாற்றி எழுதினார். சோதனையாளர் பக்கத்துக்குச் சார் ஒரே ஒரு விதி வைத்தார். யார் எத்தனை கண்டுபிடித்தார்கள் என்று எண்ணக்கூடாது, முதல் இரண்டாவது என்று வரிசைப்படுத்தக்கூடாது. ஒருவர் பெயர், ஊர், அவர் கண்டது ஒன்று. அவ்வளவுதான்.

கீழவைப்பாருக்கு என்ன எழுதுவது என்று கேட்டபோது ஒரு சின்னத் தகராறு வந்தது. "எம்பேரு வேண்டாம் மேடம். நான் கடல்ல இருந்தேன். போன் தூங்கிச்சு. கண்டது அவதான்" என்றார் சேவியர். மரியா கேட்கவில்லை. "அவுக போகாம நான் எதப் பாக்க? ரெண்டு பேரும் வரணும்" என்றார். அப்படியே எழுதினோம். "சேவியர், மரிய செல்வம், கீழவைப்பார். கரைக்கு வந்த படகு திரையில் கடலிலேயே நிற்பதைக் கண்டவர்கள்."

வெளியான அன்று ராஜாத்தி போன் செய்தார். கடைக்கு வருகிற எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கருப்பட்டி வாங்க வந்தவர்களுக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. வேறு சிலரும் பேசினார்கள். மரியாவிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. சாயங்காலம்வரை பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையோ என்று நானே கூப்பிட்டேன்.

"பாத்தேன்க்கா. நல்லாருக்கு" என்றார். குரலில் ஏதோ தயக்கம்.

"என்ன மரியா?"

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீக. எதிர்பார்த்தது ரெண்டு பேரு. பார்த்தது ஒண்ணரைப் பேரு."

அவருடைய சின்னப் போனில் வரி நீளமாகி, திரை ஓரத்தில் அறுபட்டிருந்தது. சேவியர் பெயர் முழுதாக இருந்தது. அடுத்தது 'மரிய செ' என்பதோடு முடிந்துவிட்டது. போனைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பார்த்தாராம், அப்போதும் வரவில்லை. அறுபட்ட திரையைப் படம் எடுத்து வைத்திருந்தார். எந்தப் போன், எழுத்தின் அளவு எவ்வளவு வைத்திருக்கிறது என்பதெல்லாம் எழுதித் தயாராக இருந்தது. நல்ல நாளில் குறை சொல்ல வேண்டாமே என்று அனுப்பாமல் வைத்திருந்திருக்கிறார்.

"அனுப்புங்க முதல்ல" என்றேன்.

சார் அதை நின்றுகொண்டு வாசித்தார். "ஒண்ணரைப் பேரு" என்ற இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றினார். சிரிப்பை அடக்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றே தீபக்குக்குச் சொல்லி வரியை மடித்து எழுதவைத்தார். அடுத்த பதிப்பில் மரியாவின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. சேவியர் பெயருக்குப் பக்கத்தில் முழுதாக ஒன்று. கீழே தனியாக ஒன்று: "மரிய செல்வம், கீழவைப்பார். இந்தப் பக்கத்தில் பெயர்கள் அறுபடுவதைக் கண்டவர்." ஒருவருக்கு ஒன்றுதான் என்ற தன் விதியைச் சாரே மீறிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சேவியர் எனக்குப் போன் செய்தார். அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"மேடம், அவளுக்கு ரெண்டு எடத்துல வந்திருக்கு. எனக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார். "இதுல எங்கன தேடுனா தப்பு கெடைக்கும்?"

அதைச் சாரிடம் சொன்னேன். "நான் அப்பமே சொன்னேம்லா, பேருக்காக வருவாங்கன்னு" என்றார் சார். சொல்லிவிட்டு, சேவியருக்கு என்ன சோதிக்கக் கொடுக்கலாம் என்று தானே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.